மதிலுக்கு எந்த லேயர்?

லேயர் அண்ணன் என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்து நில அளவையாளர்களுக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் "அது யாரு?" என்பார்கள். ஆள் ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக் கண்ணாடி. வாயைத் திறந்தால் மட்டும் லேசில் மூடமாட்டார். அதுவும் லேயரைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம்.

லேயர் ஒன்றும் பெரிய மாயமந்திரம் இல்லை. கம்ப்யூட்டரில் நிலத்தை வரையும்போது வீட்டுக்கு ஒரு தாள், மரத்துக்கு ஒரு தாள், வாய்க்காலுக்கு ஒரு தாள் என்று கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் வேண்டாம் என்றால் அந்தத் தாளை மட்டும் உருவிவிடலாம். தகராறு எங்கே வருகிறது என்றால், ஒருத்தர் கிணற்றைத் தண்ணீர்த் தாளில் போடுவார், இன்னொருத்தர் கட்டடத் தாளில் போடுவார், மூன்றாமவர் கைக்கு வந்த தாளில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எல்லாருடைய படங்களையும் சேர்த்து ஒரே நகரப் படமாக்கும் வேலை நகராட்சி அலுவலகத்தில் இருந்த அண்ணனுடைய தலையில். சேர்க்கும்போது கிணறு காணாமல் போகும், நடுச்சாலையில் மரம் நிற்கும். கொஞ்ச காலம் திட்டித் தீர்த்தவர், எதை எதில் போடுவது என்று கடைசியில் தானே முடிவுசெய்தார். அதிலிருந்து யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவருக்குத்தான் போன்.

அந்தப் போன்களில்தான் மனிதர் உயிர் வாழ்ந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் வந்த பாடில்லை. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. அங்கே அவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் போனில் "சாப்பிட்டீங்களா?" என்பார். "ஆச்சு" என்பார் இவர். "மாத்திரை?" "ஆச்சு." பிறகு எதிராளி பேசட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். வீட்டில் ஒரு நாற்காலி மட்டும் உட்காருவதற்கு. மற்றவற்றில் துவைத்த துணி கிடந்தது.

வேலை நாளில் போன் வந்துவிட்டாலோ ஆளே வேறு. "அண்ணே, இடிஞ்ச வீட்டுக்கு எந்த லேயர்ணே?" என்று யாராவது கேட்டால் போதும். "எந்த அளவுக்கு இடிஞ்சிருக்கு? கூரை இருக்கா?" என்று ஆரம்பித்து, அந்தத் தெரு, கேட்டவருடைய முதுகுவலி, அவர் மகனுடைய பரீட்சை வரைக்கும் போய்த்தான் நிற்பார். அதிகம் கூப்பிடுவது குடைக்காரம்மா. சொந்தமாக அளவை அலுவலகம் நடத்துகிறவர். தன் தலை காய்ந்தாலும் அளக்கும் கருவிமேல் வெயில் படக்கூடாது என்று அதற்குக் குடை பிடிக்கிறவர். அவருக்குச் சந்தேகம் என்பது பாதி சாக்குத்தான் என்று அண்ணனுக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை.

இப்படி இருக்கையில் அளவையாளர் சங்கத் தலைவர் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று வந்து சேர்ந்தார். "எத்தனை நாளைக்கு உங்க உயிரை வாங்கறது? எல்லாத்தையும் ஒரு புத்தகமா எழுதிக் குடுத்துடுங்க. அவங்கவங்க பார்த்து வரைஞ்சுக்குவாங்க. உங்களுக்கும் நிம்மதி."

நிம்மதியாம் நிம்மதி! யார் கேட்டது? ஆனால் பத்துப் பேர் முன்னால் புகழ்ந்துவிட்டாரே. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, சரி என்றுவிட்டார். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கிணறு முடிந்தது. இனிக் கிணற்றைப் பற்றி யார் கேட்பார்கள்? மின்கம்பம் முடிந்தது. அதுவும் போச்சு.

கடைசியில் மிஞ்சியது மதில். 'ஒரே இடத்தில் இரண்டு கோடு கூடாது' என்று புத்தகத்தின் தொடக்கத்தில் அவரே விதி எழுதியிருந்தார். எல்லையை ஒட்டி நிற்கும் மதிலுக்கு மட்டும் அது பொருந்தாது. எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இரண்டையும் தனித்தனித் தாளில் வரைய வேண்டும். மதில் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இடியும், எல்லை இருந்த இடத்திலேயே இருக்கும். இதை விளக்குவது என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை, எதிரே இருக்கும் டீ ஆறிப் பச்சைத்தண்ணீர் ஆகிவிடும். அந்தப் பக்கத்தை எழுதினார், படித்தார், அழித்தார். இது ஒன்றுக்காவது கூப்பிடட்டுமே என்று நினைத்தார். திருட்டுத்தனம்தான். தெரிந்தேதான் செய்தார்.

புத்தகத்தைச் சங்கம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. போன் அன்றோடு வாயை மூடிக்கொண்டது. அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருவேளை கெட்டுவிட்டதோ என்று அலுவலகப் போனிலிருந்து தன் போனுக்கே அடித்துப் பார்த்தார். ஜோராக அடித்தது. எதிர் மேஜைக்காரர், "எடுங்கண்ணே, யாரோ கூப்பிடறாங்க பாருங்க" என்றார்.

மதிலைப் பற்றி ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் எவனுமே மதில் கட்டவில்லையா என்று மனசுக்குள் பொருமினார்.

கட்டியிருந்தார்கள். குடைக்காரம்மா அலுவலகத்திலிருந்து வந்த ஒரு படத்தைத் திறந்தபோது தெரிந்தது. எல்லைக்கற்கள் சரியான இடத்தில் நின்றன. எல்லைக்கோடோ அந்தக் கற்களைத் தொடாமல், ஓரடி உள்ளே தள்ளி, மதில் மேலேயே ஓடியது. அந்தப் படத்தில் ஓரடி என்பது மயிரிழை. இரண்டு கோடு கூடாது என்ற விதிப்படி, வரைந்தவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதான் கையில் புத்தகம் இருக்கிறதே! இப்படியே பதிவானால் அந்த ஓரடி நிலம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

முதல் தடவையாக அவரே கூப்பிட்டார்.

"அண்ணே! நல்லா இருக்கீங்களா? எவ்வளவு நாளாச்சு!" என்றார் குடைக்காரம்மா. பின்னால் லாரி உறுமியது.

"கடைசியா ஒரு மதில் வீடு அனுப்பினீங்களே, அது யாருதும்மா?"

"ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒருத்தங்களோடது. பக்கத்து வீட்டு மரத்தோட வேரை வெட்ட மனசு வராம, சொந்த நிலத்துலயே ஓரடி உள்ள தள்ளி மதில் கட்டியிருக்காங்க. ஏன்ணே?"

"அந்த ஓரடிய நாம தூக்கிக் குடுத்துட்டோம்மா." படத்தில் இருந்ததைச் சொன்னார்.

"அடக் கடவுளே! நான் சரியாத்தானே அளந்தேன். எங்க ஆளு உங்க புத்தகத்த பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வரைஞ்சாரு. மதில் பத்தி அதுல தனியா ஒண்ணும் இல்லையேண்ணே?"

"இல்லதான். நான் வேணும்னே விட்டுட்டேன்."

"வேணும்னேவா? எதுக்கு?"

"அதுக்காவது யாராவது கூப்பிடுவீங்கன்னு." சொன்ன பிறகு அவருக்குக் காது சுட்டது. "வீட்ல பேச ஆளில்லம்மா. நீங்கல்லாம் கூப்பிடறதுதான் எனக்கு..."



"அதுக்கு அந்த நர்ஸம்மா நிலமாண்ணே கெடச்சுது?" என்றார் குடைக்காரம்மா. உடனே குரல் இறங்கிவிட்டது. "ஏன்ணே, சந்தேகம் இருந்தாத்தான் கூப்பிடணுமா? சும்மாவே கூப்பிடறேன். நாளைக்கே கூப்பிடறேன்."

அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சும்மா கூப்பிட்டு என்னம்மா பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டார். ஆசையாகத்தான் கேட்டார்.

குடைக்காரம்மா யோசித்தார். மெனக்கெட்டு யோசிப்பது இந்தப் பக்கம் கேட்டது. "உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பேன்..." என்று இழுத்தார். "அப்புறம்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. எடுத்துக்கொடுக்க அண்ணனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் இரண்டு பேருக்கும் இடையே இருந்தது கிணறும் கம்பமும்தான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"படத்த திருத்தி சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன்ணே," என்றார் குடைக்காரம்மா, தப்பித்த குரலில். "அந்தப் பக்கத்த எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க. இன்னும் எத்தன வீடு இப்படி ஆயிருக்கோ."

"அனுப்பிடறேம்மா."

அன்றைக்கே வந்திருந்த படங்களையெல்லாம் திறந்து, மதில் தின்ற எல்லைகளைத் தேடிப் பிடித்து, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பிறகு மதிலுக்கான பக்கத்தை எழுதினார். சரியான படம் ஒன்று போட்டார், பக்கத்திலேயே தவறான படம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்தார். வளவளவென்று இருந்ததை வெட்டினார். எதிர் மேஜைக்காரரிடம் கொடுத்து, "படிச்சுப் பாருங்க. ஏதாவது கேக்கணும்போல இருக்கா?" என்றார்.

அவர் ஒரு தடவை படித்தார். "ஒண்ணுமே இல்லண்ணே. பச்சப்புள்ளகூடப் புரிஞ்சுக்கும்," என்றார்.

அண்ணன் அதை எல்லாருக்கும் அனுப்பினார்.