இரண்டு முறைக்கு மேல் இல்லை

எங்கட ஊர்ச்சங்கத்துக்குச் சட்டதிட்டம் எழுதின ஒரு யாப்பு இருந்தது. கனடாவில, லாசால் எண்ட இடத்தில நாப்பது குடும்பம், வருசத்துக்கு ஒரு பொங்கல் விழா, ஒரு ஒன்றுகூடல், அவ்வளவுதான் சங்கம். ஆனால் யாப்பு பதினாலு பக்கம். அதில ஆறாவது பிரிவை எழுதினது என்ர மனுசன். "ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது." அதைப் பொதுக்கூட்டத்தில வாசிக்கேக்கை ஒரு பேச்சும் பேசினார். "அமெரிக்க சனாதிபதிக்கு ரெண்டு முறை. இலங்கைச் சனாதிபதிக்கும் ரெண்டு முறை. எங்கட சங்கத் தலைவர் மட்டும் சாகும்வரைக்கும் இருக்கிறதோ?" கைதட்டல் எண்டால் அப்பிடி ஒரு கைதட்டல். நானும் தட்டினன், பொய் சொல்லக்கூடாது.

இவருக்குச் சனநாயகத்தில அவ்வளவு பற்று எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. லொங்குய்யில இருந்து வாற ஒரு அண்ணை ஒன்பது வருசமாய்த் தலைவராய் இருந்தவர். விளக்கேற்றுறதும் அவர், தலைமையுரையும் அவர், நன்றியுரைக்குள்ளையும் புகுந்து "நானும் ரெண்டு வார்த்தை" எண்டு அரை மணித்தியாலம் கதைப்பார். அவரைக் கதிரையால எழுப்பத்தான் அந்தப் பிரிவு. அண்ணை எழும்பினார், இவர் இருந்தார். அண்ணையைச் சமாதானப்படுத்தப் போசகர் எண்டு ஒரு பதவி உண்டாக்கிக் குடுத்தவை. போசகர் எண்டால் அழைப்பிதழில பேர் வரும், கைக்கு மைக் வராது.

ஒரு முறை எண்டால் ரெண்டு வருசம். நாலு வருசமும் விறுக்கெண்டு ஓடிப்போச்சு. கடைசி வருசம் மாசி மாசம் இவர் யாப்பைத் தூக்கி வைச்சு, கண்ணாடியைப் போட்டும் கழட்டியும் வாசிச்சார். தான் எழுதினதுதானே, வாசிக்க என்ன இருக்கு?

"முதல் முறை நான் போட்டியில்லாமல் வந்தனான். அது தேர்தலே இல்லை. எண்ணிக்கையில சேராது," எண்டார் ஒருநாள்.

அடுத்த கிழமை, "நாங்கள் இருக்கிறது கனடா, அமெரிக்கா இல்லையே. இஞ்சத்தைப் பிரதமருக்கு அப்பிடி ஒரு கட்டுப்பாடும் இல்லை," எண்டார்.

அதுக்கு அடுத்த கிழமை, சங்கத்தின்ர பேரை மாத்தினால் அது புதுச் சங்கம், எண்ணிக்கையும் புதுசாய்த் தொடங்கும் எண்டார். "அப்ப நான் என்ர பேரை மாத்தினால் எங்கட கலியாணமும் புதுசோ?" எண்டு கேட்டன். ரெண்டு நாள் தன்ர தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிச்சார்.

"பேசாமல் போசகராய் இருங்கோவன்," எண்டன் பிறகு.

"ஏன், நான் செத்துப்போனனோ?" எண்டார்.

கடைசியில மனுசன் ஒரு வழி கண்டுபிடிச்சார். தேவாலயத்தின்ர நிலக்கீழ் மண்டபத்தில பொதுக்கூட்டம். நான் குசினிக்குள்ள ரோல்ஸைத் தட்டில அடுக்கிக்கொண்டு நிண்டன். கைதட்டுற சத்தம் கேட்டுது. ஆருக்கோ பொன்னாடை போத்தினம் எண்டு நினைச்சு எட்டிப் பாத்தால், எல்லாரும் என்னைப் பாக்கினம். என்னை ஏகமனதாய்த் தலைவராக்கிப் போட்டினம். முன்மொழிஞ்சது ஆர் எண்டு சொல்லவும் வேணுமே? எண்ணெய்க் கையோட நிண்டு சிரிச்சன். வேற என்னத்தைச் செய்யிறது?

"ரெண்டே ரெண்டு வருசம். நீர் சும்மா இரும், எல்லாம் நான் பாக்கிறன். ஒருமுறை இடைவெளி விட்டிட்டுப் பேந்து நான் வருவன்," எண்டார் காருக்குள்ள. ஊரில பஸ் நிக்க முந்தி யன்னலுக்குள்ளால, முகம் துடைக்கிற லேஞ்சியைச் சீற்றில போட்டு இடம் பிடிப்பினம். அந்த லேஞ்சிதான் நான்.

கொஞ்சக் காலம் நல்ல லேஞ்சியாய்த்தான் கிடந்தன். இவர் எழுதித் தந்ததை வாசிச்சன். இவர் சிரிக்கச் சொன்ன இடத்தில சிரிச்சன்.

அந்த மாரியில ஒரு காலமை, எங்கட கட்டிடத்தில இருந்த ஒரு தாய் தன்ர ஏழு வயசு மகளைப் பள்ளிக்கூட வாசலில இறக்கிவிட்டிட்டு ஓடி வேலைக்குப் போயிட்டா. அண்டைக்குப் பள்ளிக்கூடம் பூட்டு. கடிதம் வந்திருக்கு, பிரெஞ்சில. தாய் அதில கையெழுத்தும் வைச்சுக் குடுத்திருக்கிறா, என்னத்துக்கெண்டு தெரியாமல். பிள்ளை பூட்டின கதவுக்கு முன்னால, அந்தக் குளிருக்குள்ள நிண்டிருக்கு. ஆரோ பக்கத்து வீட்டு மனுசி கண்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனதால தப்பிச்சுது. தாய் என்ர வீட்டுக்கு வந்து நெஞ்சில அடிச்சு அழுதா.

நான் கார்டெரியில, சின்னப் பிள்ளையளைப் பராமரிக்கிற இடத்தில, வேலை செய்யிறதால பிரெஞ்சு ஓரளவு ஓடும். மற்றவைக்கு ஆர் சொல்லிக்குடுக்கிறது? எங்கட சங்கத்துக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில மண்டபம் இருந்தது. அதில ஆம்பிளையள் முன்னூற்று நாலு எண்ட சீட்டு விளையாடுவினம். சீட்டுக்கட்டுக்குச் சீதனமாய் எழுதிக்குடுத்த மண்டபம் மாதிரி. நான் தலைவர் எண்ட முறையில, வாழ்க்கையில முதல் தரம் இவர் எழுதித்தராத ஒரு வசனம் சொன்னன். "இனிச் சனிக்கிழமையில பொம்பிளையளுக்குப் பிரெஞ்சு வகுப்பு." முதல் கிழமை பதினொரு பேர் வந்தினம். பனி கரையேக்கை கதிரை போதாமல் போச்சு.

சீட்டாட்டக்காரர் இவரிட்டைப் போய் முறைப்பாடு வைச்சினம். இவர் சொன்னது எனக்குக் குசினிக்குள்ள கேட்டுது. "கொஞ்சம் பொறுங்கோவன். அடுத்த வருசம் நான் வந்திடுவன், மண்டபமும் உங்களுக்கு வந்திடும்."

அப்பதான் எனக்கு விசர் பிடிச்சுது. இவர் வந்தால் வகுப்புப் போகும். வகுப்பு நிக்கவேணுமெண்டால் இவர் வரக்கூடாது. இதில யோசிக்க ஒண்டுமில்லை, அவர் என்ர புருசன் எண்டதைத் தவிர.

என்ர ரெண்டு வருசம் முடியப் பொதுக்கூட்டம் வந்துது. தலைமை நான். இவர் எழும்பினார். "ரெண்டு முறைக்கு மேல் கூடாது எண்டுதான் யாப்பில இருக்கு. இடைவெளி விட்டு வரலாமோ எண்டு ஒண்டும் இல்லை. எழுதினவன் நான். என்ர மனசில என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாதோ? வரலாம் எண்டுதான் இருந்தது." சீட்டாட்டக்காரர் மேசையில தட்டினம்.

அப்ப பின்வரிசையில லொங்குய் அண்ணை மெல்ல எழும்பினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். "தம்பி சொல்லுறது ஞாயம். இடைவெளி விட்டால் வரலாமெண்டால், நான் ஆறு வருசம் விட்டிட்டன். எனக்குத்தான் முதல் உரிமை."

ஐயோ, இவரின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும்! "அது வேற, இது வேற," எண்டார். "என்ன வேற? நீ தானாய் இறங்கின முன்னாள் தலைவர், நான் இறக்கிவிட்ட முன்னாள் தலைவரோ?" எண்டார் அண்ணை. அரை மணித்தியாலம் போச்சு. கார்டெரியில மூண்டு வயசுகள் சிவப்புச் சைக்கிளுக்கு இப்பிடித்தான் அடிபடுங்கள். அதுகளாவது இடைக்கிடை பால் குடிக்கப் போகுங்கள்.

வாக்கெடுப்புக்கு விட்டன். முன்னாள் தலைவர் திரும்பி வரலாமோ? கையள் எழும்பிச்சு. வரலாம் எண்டவையும் வரக்கூடாது எண்டவையும் சரிசமம். சமனாய் வந்தால் தலைமையில இருக்கிறவர் தீர்ப்புச் சொல்லவேணும். அதுவும் யாப்பில இருக்கு, அதையும் எழுதினது இவர்தான். இவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். துளியும் சந்தேகமில்லாத சிரிப்பு.

"ஒருக்கால் இருந்து இறங்கினவை திரும்பி வர ஏலாது," எண்டன். "ரெண்டு முறை, அதோட சரி. எனக்கும் அதுதான் சட்டம்."

வகுப்புப் பொம்பிளையள் எழும்பி நிண்டு தட்டினம். லொங்குய் அண்ணையும் தட்டினார். தான் வரேலாமல் போனதை விட, இவர் வரேலாமல் போனது அவருக்கு இனிச்சிருக்கு. போட்டிக்கு வேற ஆரும் எழும்பேல்லை, எனக்கு ரெண்டாவது முறை கிடைச்சுது.

வீட்டை வாற வழியில இவர் றோட்டைப் பாத்துக் கார் ஓடினார். நான் ஏச்சுக்கு ஆயத்தமாய், பதிலும் ரெண்டு மூண்டு அடுக்கி வைச்சுக்கொண்டு இருந்தன். சிவப்பு விளக்கில கார் நிண்டுது.

"பக்டரியில பதினைஞ்சு வருசம். ஒருத்தனும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தெரியுமே உமக்கு? 'ஏய்' எண்டுதான்," எண்டார். "சங்கத்துச் சனம் மட்டும்தான் தலைவர் எண்டு கூப்பிடும்."

பாவமாய் இருந்தது, அழுகையும் வந்தது. திரும்பக் கேட்டாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லுவன் எண்டதும் தெரிஞ்சுது.

அடுத்த நாள் காலமை போன் அடிச்சுது. நான் தலைவராய் இருந்த அந்த ரெண்டு வருசமும், ஆரும் எடுத்துத் தலைவர் நிக்கிறாரோ எண்டு கேட்டால், "ஓம், சொல்லுங்கோ," எண்டு இவரே கதைச்சு முடிச்சுப்போடுவார். அண்டைக்கும் இவர்தான் எடுத்தார். கேட்டுக்கொண்டு நிண்டார். பிறகு போனைக் கையால பொத்தி, என்ர பக்கம் நீட்டினார்.

"தலைவரைக் கேக்கினம்," எண்டார்.