மணற்காட்டில் எடுத்த படம்

காலை ஆறரைக்கே மணற்காட்டுக்கு வந்துவிடுகிறேன். வெயில் ஏறிவிட்டால் மணல்மேட்டின் வரிகள் படத்தில் எடுபடாது. பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவரும் பின்னால் மேடும் போதும் எனக்கு. ஒரு கால்தடம்கூட இருக்கக் கூடாது. ஆனால் இன்று அங்கே ஒரு பெண் மண்வெட்டியால் கிண்டிக்கொண்டிருக்கிறார். சுவரடி முழுக்கக் குழிகள். எரிச்சலோடு கிட்டப் போகிறேன்.

அவர் முந்திக்கொள்கிறார்.

"தம்பி, போன வருசமும் நீங்கள்தானே இதிலை படம் எடுத்தனீங்கள்?"

"ஓம் அக்கா."

"சுனாமியிலை போன என்ரை பிள்ளையின்ரை சிலுவை இதிலைதான் நிண்டது. நான் வருத்தம் வந்து படுக்கையிலை கிடந்து ஒரு வருசமா வரேல்லை. காத்து மண்ணை அள்ளி மூடிப்போட்டுது. உங்கடை படத்தைப் பாத்தால், சுவரிலையிருந்து எவ்வளவு தூரமெண்டு தெரியுமெல்லோ?"

கைபேசியில் போன வருடத்துப் படத்தைத் திறக்கிறேன். பலர் பாராட்டிய படம். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே மணல் வழவழவென்று கிடக்கிறது. அங்கே கறுத்த மரச்சிலுவை ஒன்று நின்றது. காட்சியைக் கெடுக்கிறதென்று கணினியில் அதை அழித்தவன் நான்தான். அழிக்காத படம் என்னிடம் இல்லை.

மண் ஒட்டிய விரலால் அவர் படத்தைப் பெரிதாக்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெல்ல நகர்த்திப் பார்க்கிறார்.

"அப்பவே மூடிப்போட்டுது போலை," என்கிறார்.

"ஓம் அக்கா," என்கிறேன்.