லுணுகலையிலிருந்து பொற்கோயில் அடுப்படிக்கு

கீர்த்தி, பிரவீன், அப்பா இந்தியாவிலிருந்து என்ன கொண்டுவந்தார் என்று யாராவது கேட்டால், கையில் போட்டிருக்கும் எவர்சில்வர் காப்பைக் காட்டுகிறீர்கள். பையில் போட்டுக் கொண்டுவர முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் கீர்த்தி திருத்தட்டும்.

செல்வராஜ் மாமா எல்ல டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறார் அல்லவா? அங்கே ரயில் பாலம் பார்க்க வந்த ஒரு தலைப்பாகைச் சீக்கியக் குடும்பத்தை அவர் இரண்டு நாள் ஏற்றித் திரிந்தார். அமிர்தசரஸில் தங்களுக்கு ஒரு பொற்கோயில் இருக்கிறது, வருகிற எல்லோருக்கும் அங்கே சாப்பாடு உண்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சமைக்கலாம் என்று அவர்கள் சொன்னார்களாம். சாப்பாட்டை நம்பினார். சமைக்கலாம் என்பதை மாமா நம்பவில்லை.

ஏன் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு விறகு பிளப்பது செல்வராஜ் மாமாதான். ஆனால் சமையல் கொட்டகைக்குள் அவர் கால் வைத்து நீங்கள் பார்த்ததில்லை. அவர் வீட்டார் பிளந்த விறகு எரியலாம், அவர்கள் கை பானையில் படக்கூடாது என்று ஒரு வழக்கம். வாசலின் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை கட்டியிருக்கும். விறகை அதற்கு வெளியே அடுக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். சாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கட்டையைப் பார்த்தாலே போதும்.

“போயிப் பாத்துருவோம்டா. பொய்யின்னா பொய்யின்னு தெரிஞ்சிட்டுப் போவுது” என்றார். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்யும் அந்தோனி மாமாவுக்குப் பயணம் என்றால் சோறு வேண்டாம். “நான் வேதக்காரன். என்னயவே உள்ள விட்டானுங்கன்னா ஒன்னய விடாம எங்க போவானுங்க” என்று அவரும் கிளம்பிவிட்டார்.

லுணுகலையில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினோம். பதுளையில் கொழும்பு பஸ்ஸுக்கு மாறி, ஹல்துமுல்லை இறக்கத்தில் அந்தோனி மாமாவின் வாந்திக்காக ஒரு தரம் நின்று, கொழும்பு போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து சென்னைக்கு விமானம். சென்னையிலிருந்து டெல்லி இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும். குளிர்சாதனம் இல்லாத படுக்கைப் பெட்டிதான் எடுத்தோம். அம்மா கட்டித் தந்த தேங்காய் ரொட்டியும் சம்பலும் மறுநாள் மத்தியானம் வரை தாங்கின. தேத்தண்ணி பத்து ரூபாய். “இதுக்குப் பேரு தேயிலையா? நம்ம பெக்டரி டீமேக்கர் குடிச்சாருன்னா அழுதுருவாரு” என்று சொல்லிக்கொண்டே அந்தோனி மாமா நாலு குடித்தார். டெல்லியில் வேறு ரயில் பிடித்து, சாயங்காலம் அமிர்தசரஸில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குக் காசில்லாத பஸ் இருந்தது.

வாசலில் செருப்பைக் கொடுக்க வேண்டும். வாங்கி வைத்தவர் வெள்ளைத் தாடிப் பெரியவர். அவர் கையில் எப்படிக் கொடுப்பது என்று செல்வராஜ் மாமா செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெரியவர் எட்டி வாங்கிக்கொண்டார். தலையில் துணி கட்டி, ஓடுகிற தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனால், குளத்தின் நடுவே பொன் கோயில். அது படங்களில் இருப்பதைவிடச் சின்னது, ஆனால் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டோம்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். செல்வராஜ் மாமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சமையற்கட்டுக்குப் போனோம். ஆள் இறங்கிக் குளிக்கிற அளவுக்குக் கொப்பரைகள், அவற்றில் பருப்பு கொதிக்கிறது. வாசலில் குறுக்குக் கட்டை எதுவும் இல்லை. இருந்தும் செல்வராஜ் மாமா அங்கேயே நின்றுவிட்டார். கட்டாரில் கட்டட வேலை செய்தபோது நான் கொஞ்சம் இந்தி பிடித்திருந்தேன், அதனால் பேசுவது என் பொறுப்பு.

“மொதல்ல நான் யாருன்னு சொல்லிப்புடு. பொறவு தெரிஞ்சு வெரட்டுனா அசிங்கம்” என்றார்.

அதைச் சொல்ல என்னிடம் இந்தி இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்ரீலங்காவிலிருந்து வருகிறோம், இவர் பருப்புக் கிண்டலாமா என்று மட்டும் கேட்டேன். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவர் வியர்வையைத் துடைத்தார். மாமாவை ஒரு தரம் பார்த்தார். தலையை ஆட்டி மறுத்து, வெளியே வெள்ளைப்பூண்டு உரிக்கிற கூட்டத்தைக் காட்டினார்.

“பாத்தியா, மொகத்தப் பாத்தே கண்டுபுடிச்சிட்டான்.”

ஏன் என்று கேட்கத் திரும்பினேன். மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “விடுடா. கேக்காத.” ஆனால் சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். போய் உட்கார்ந்து பூண்டு உரித்தார். நாங்களும் உரித்தோம்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே வாடகையில்லாத அறை உண்டு. மறுநாள் விடியுமுன் செல்வராஜ் மாமா பையைக் கட்டிவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று சமையற்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தேன். நேற்றைய அதே ஆள் எங்களைக் கண்டு “ஸ்ரீலங்கா!” என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். நேற்று பருப்பு பொங்கி இறக்குகிற நேரம், புது ஆளை அப்போது விடமாட்டோம் என்று சொல்லி, கால்சட்டையைத் தூக்கித் தன் முழங்காலில் இருந்த பழைய வெந்த தழும்பைக் காட்டினார். காலையில் கை குறைவு, வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். துடுப்பு மாதிரி நீண்ட கரண்டியைச் செல்வராஜ் மாமாவிடம் நீட்டினார்.

மாமா வாங்காமல் என்னைப் பார்த்தார். “சொல்லிட்டியா?”

“என்னாத்த?”

“நான் யாருன்னு.”

“சொல்லிட்டேன். லுணுகலைக்காரன்னு.”

கரண்டியை வாங்கினார். பிள்ளைகளே, வெளிச்சம் வரும்வரை அவர் கிண்டினார். “அடி புடிக்குதுடா, நல்லாக் கிண்டு” என்று அந்தோனி மாமா சீண்டியதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பருப்பையே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். “உப்பு ஒரு கை கம்மி” என்றார் செல்வராஜ் மாமா. சமைத்தவர் சொல்கிற மாதிரியே சொன்னார்.

திரும்பி வரும்போது டெல்லி வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அவர்களுடைய அடுப்பும் விறகைத் தின்கிற அடுப்புதான், பருப்பும் நாம் தின்கிற பருப்புதான். அங்கே அடுப்பைச் சுற்றி வழி இருக்கிறது, நம்மிடம் கட்டை இருக்கிறது. வேறு பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை நீங்கள் டியூஷன் போயிருந்தபோது நான் தனியாகக் கோயில் கொட்டகைக்குப் போனேன். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. போன வருஷம் கட்டிய கட்டை அப்படியே கிடந்தது. மழையில் முடிச்சு இறுகியிருந்ததால் கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். செல்வராஜ் மாமாவின் கோடாலி சுவரில் சாய்ந்திருந்தது. கட்டையை நாலாகப் பிளந்து உள்ளே கொண்டுபோய், அடுப்பு மூட்டும்போது முதலில் கைக்கு அகப்படும்படி விறகுக்கு மேலாக அடுக்கிவிட்டு வந்தேன்.