பாலவாக்கத்தில் கொசுவலை கட்டிய அறை

மார்கழிக் கச்சேரி கேட்க ஈரோட்டிலிருந்து மூன்று நாள் சென்னைக்குப் போய்வந்தோம். கிளம்பும் நேரம் பார்த்து சென்னையில் டெங்கு என்று செய்தி வந்தது. எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் ஊரே படுத்த படுக்கையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒன்று விடாமல் படித்தார். என் பயணம் அங்கேயே கெட்டது.

சென்ட்ரலிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ 250 ரூபாய். ஏறியதுமே இவர், "ஊர்ல காய்ச்சல் எப்படிங்க?" என்று ஆரம்பித்தார்.

"காய்ச்சல் எந்த ஊர்ல இல்ல சார்? உங்கள மாதிரி ஆளுங்க வராம என் வண்டிதான் படுத்துக்கினு கீது" என்றார் ஓட்டுநர்.

மாட வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் குடிக்க வெந்நீர் வைத்தார்கள். "தண்ணில என்னமோ இருக்குது, அதான் காய்ச்சித் தர்றாங்க" என்று இவர் எழுந்துவிட்டார். பாதிப் பொங்கலோடு நானும் எழுந்தேன். பிறகு எதிரே தள்ளுவண்டியில், மூடியில்லாத குடத்துத் தண்ணீரை நிம்மதியாகக் குடித்தார். அங்கே யாரும் எதையும் காய்ச்சவில்லையே, சந்தேகம் எப்படி வரும்?

தங்க ஏற்பாடு செய்திருந்தது பாலவாக்கத்தில், மயிலாப்பூரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். கடற்கரை ஓரம், பிலோமினா என்பவர் தன் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். முதுகுவலியால் அவர் கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். குடும்பம் அந்த மூன்று அறைகளை நம்பித்தான் ஓடுகிறது. நாளைக்கு 1,500 ரூபாய். கட்டிலுக்குக் கட்டில் புதுக் கொசுவலை, ஜன்னலில் கம்பிவலை, தண்ணீர்த் தொட்டி வாயில் இறுக்கிக் கட்டிய துணி. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

இவர் அறை வாசலிலேயே நின்றார். "எதுக்குங்க இத்தனை வலை? இங்க யாருக்காவது வந்திருக்குதுங்களா?"

"யாருக்கும் வரக் கூடாதுன்னுதான் சார் கட்டிக்கீறேன். பெங்களூர்லேர்ந்து வந்தவங்களும் இதையே கேட்டுட்டுப் பூட்டாங்க. நீங்களாவது தங்குங்க" என்றார் பிலோமினா.

"ஒண்ணும் இல்லாமயா இத்தனை கட்டுவாங்க?" என்று என் காதில் சொல்லிவிட்டு இவர் பையைத் தூக்கினார். அந்த அம்மா முன்னால் சண்டை எதற்கு என்று பேசாமல் படியிறங்கினேன். சண்டை போட்டிருக்க வேண்டும்.

பெசன்ட் நகரில் 2,800 ரூபாய்க்கு ஓர் அறை. அங்கே வலை இல்லை. ஆகவே இவர் கணக்கில் நோயும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கி நின்றது. மறுநாள் கச்சேரியில் நான் பாட்டைக் கேட்டேனா, காலைச் சொறிந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. "இது சாதாரணக் கொசுதான்" என்றார் இவர். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் கடித்தது போல.

என் சால்வையைப் பிலோமினா வீட்டிலேயே விட்டிருந்தேன். ஊர் திரும்பும் நாள் காலையில் அதை எடுக்கத் தனியாகப் போனேன். எங்களுக்கென்று வைத்திருந்த அறையில், ஸ்டூல் மேல் ஏறிக் கொசுவலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க கழட்டறீங்க?"

"மத்தியானம் திருச்சிலேர்ந்து ஒரு ஃபேமிலி வருதும்மா. கைக்கொழந்த கீது. வலையப் பாத்துட்டு அவங்களும் பூட்டா நான் இன்னா பண்றது?"

"கைக்குழந்தைக்குத்தானே முக்கியமா வலை வேணும்?"

"தெரியும்மா" என்றார். கை நிற்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? பயந்து ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

மார்கழியில் சென்னை போகிறவர்களுக்கு: செய்தியைப் பார்த்ததும் டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். முழுக்கைச் சட்டையும் கொசுக் களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் தரும் மெஸ்ஸில் தைரியமாக உட்காருங்கள். பாலவாக்கத்தில் பிலோமினா வீட்டு மாடி அறை எடுத்தால், போனவுடன் கொசுவலை கேளுங்கள். பீரோ மேல் மடித்து வைத்திருக்கிறார். நீங்கள் கேட்காமல் அவராக எடுத்துத் தரமாட்டார்.