தோணி இளைத்த கதை

என் அக்கா புருஷன் தோணி செய்கிறவர். ஒரே மரத்தைக் குடைந்து செய்த பழைய தோணியின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, விரல் அகலச் சட்டங்களை ஒட்டி, ஓர் ஆள் தோளில் தூக்கிப் போகிற மாதிரி செய்வார். வேலை சுத்தம். வீம்புதான் கொஞ்சம் அதிகம்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் நர்ஸம்மா ஒரு தோணி கேட்டிருந்தார். தோள்வலிக்காரர். "இருபது கிலோவுக்கு மேல என்னால தூக்க முடியாதுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பட்டறையில் தோணியை எடை போட ஒரே வழிதான். ஆள் எடை பார்க்கும் மெஷினில் தோணியோடு ஏறி நின்று, வருகிற எண்ணில் தன் எடையைக் கழிக்க வேண்டும். மச்சான் தன் எடை எழுபத்திரண்டு என்பார். அது கல்யாணத்தன்று இருந்த எடை. அதற்குப் பிறகு இருபது வருஷம் அக்கா கைச் சாப்பாடு.

"எதுக்கும் சும்மா ஒரு தடவ ஏறிப் பாருங்களேன் மச்சான்" என்றேன்.

"தெரிஞ்சத எதுக்குடா பாக்கணும்?" என்று முறைத்தார்.

தோணியோடு தொண்ணூற்றெட்டு வந்தது. அவர் கணக்கில் தோணி இருபத்தாறு கிலோ. இழைப்புளியை எடுத்தார். மூன்று நாள் விடாமல் இழைத்ததில் தரையெல்லாம் மரச்சுருள். மறுபடி ஏறினார். தொண்ணூற்றைந்து. மறுபடி இழைப்புளியைத் தேடினார்.

அக்கா வந்து பலகையைச் சுண்டிப் பார்த்தாள். "இன்னும் இழைச்சா இது தோணியில்ல, சல்லடை. அந்தம்மா நடு ஏரியில முழுகணுமா?" என்றவள், தோணியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். எண்பது. அதை இறக்கிவிட்டு வெறுமனே ஏறினாள். அறுபத்து மூன்று.

ஆக, தோணி பதினேழு. முதல் நாளே சரியாக இருபது இருந்திருக்கிறது. மச்சான்தான் எழுபத்தெட்டு. அவர் முகம் போன போக்கில் எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் நர்ஸம்மா வந்தார். பசை காயவில்லை என்று ஒரு பொய் சொன்னால் மானம் தப்பிவிடும். மச்சான் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு தரமாட்டேங்க. பலகை மெலிஞ்சுபோச்சு, தண்ணியில தாங்காது. உள்பக்கம் மெல்லிசா இன்னொரு வரிசை சட்டம் ஒட்டணும். தப்பு என்னோடது. என் எடைய கொறச்சுக் கணக்கு போட்டு தோணிய இழைச்சுட்டேன்." எடை மெஷினைப் பார்த்தார். "நான் எழுபத்தெட்டுங்க."

அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்வளவுதானா? நான் எண்பத்தஞ்சுன்னு நெனச்சேன்" என்றார்.