சமையலறை வாசல் வழியே போன மணப்பெண்

துரத்திவிட்டார்களாம்! கழுத்தைப் பிடித்துப் பின்வாசல் வழியாகத் தள்ளினார்களாம்! ரிப்பன் கடை டிபெட் அம்மாள் சொல்லிவிட்டால் ஆஷ்காம்ப் ஊரே தலையாட்டிவிடுமா? டோர்க்கஸ் ஸ்டேவ்லியின் கழுத்தில் அன்று யார் கையும் படவில்லை. முழங்கையில் ஒரு கை பட்டது உண்மை. அது யார் கை, எதற்காகப் பட்டது என்று கேட்டார்களா? கேட்கவில்லை.

பெரிய வீட்டுப் பெண். அப்பா அம்மா இல்லை. இருபத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல் அண்ணன் எட்மண்ட் வீட்டில் இருந்தாள். அங்கே அண்ணி லவீனியா வைத்ததுதான் சட்டம். டோர்க்கஸிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

அண்ணன் காய்ச்சலில் விழுந்தபோது டவுன் டாக்டர் முன்வாசலில் இறங்கினார், நாடி பார்த்தார், சாப்பாட்டு அறையில் பன்றித்தொடையும் ஒயினும் முடித்து வண்டி ஏறினார். மருந்துக்காரர் ஜோயல் டிரெவிட், வேலைக்காரர்களைப் போலச் சமையலறை வாசல் வழியாக வந்து, ஐந்து நாள் கட்டிலோரம் உட்கார்ந்து காய்ச்சலை இறக்கினார். இவர் எங்கே சாப்பிடுகிறார்? டோர்க்கஸ் கீழே இறங்கிப் போனாள். குதிரை மிதித்து வளைந்த காலை நீட்டிக்கொண்டு, அவர் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரி பாட் அம்மாள் பதறினாள். "சின்னம்மா, இங்கெல்லாம் நீங்க வரக் கூடாது!"

"ஏன், சூப் நல்லா இல்லையா?"

ஜோயலுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

இலையுதிர் காலத்து நடனம் விடுதி மாடியில் நடந்தது. அங்கே ஒரு வழக்கம்: ஆடக் கூப்பிட்டவரிடம் ஒரு பெண் மாட்டேன் என்றால், அன்று முழுக்க வேறு யாரோடும் ஆடக் கூடாது. சுவரோரம் உட்கார வேண்டியதுதான். திமிருக்குத் தண்டனை அது. நிலமும் குதிரைகளும் உள்ள கேப்டன் ஹார்னிங் கை நீட்டினார். டோர்க்கஸ் மாட்டேன் என்றாள். லவீனியாவின் விசிறி அப்படியே நின்றுபோனது. டோர்க்கஸ் நேராகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில், ஆட முடியாத ஜோயல்.

"ஏங்க மாட்டேன்னீங்க?"

"ஆடப் போயிருந்தா உங்ககிட்ட எப்பக் கேக்கறது? மழை வர்றது நீங்க ரத்தம் எடுக்க வச்சிருக்கற அட்டைப்பூச்சிக்கு முன்னாடியே தெரியுமாமே, நெஜமா?"

"தெரியும். ஜாடிக்குள்ள மேல ஏறி வந்துடும்."

"அப்ப நம்ம பாதிரியார விட அதுக்கு வெவரம் அதிகம்."

மூன்று மணி நேரம் இப்படியே பேசினார்கள். யாரும் எழுப்ப முடியாது; தண்டனை அல்லவா!

குளிர்காலத்தில் ஜோயல் பெண் கேட்டு வந்தார். உயிரைக் காப்பாற்றியவரை எட்மண்டால் மறுக்க முடியவில்லை. லவீனியாவால் முடிந்தது.

"மருந்துக்காரனைப் போய்க் கட்டிக்கிட்டு, இந்த வீட்டுக்கு எந்த வாசல் வழியா வருவே?"

"அவர் வர்ற வாசல் வழியா, அண்ணி."

"அப்ப என் மேசையில உனக்கு இடம் கிடையாது."

அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய மேசை அது. வாரக்கணக்கில் சாப்பிடும்போதெல்லாம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்டபோதெல்லாம் அத்தனை கழுத்தும் ஸ்டேவ்லி குடும்பம் உட்காரும் வரிசைப் பக்கம் திரும்பியது. ஜோயலே கடைசியில் சொன்னார்: "இப்பக்கூட வேண்டாம்னு சொல்லிடலாங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"சொன்னா மறுபடியும் சுவரோரம்தான். பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்களே!"

கல்யாணக் காலையில் எட்மண்ட் முன்கதவை விரியத் திறந்து வைத்திருந்தார். மாடிப்படியில் நின்றபடி லவீனியா சொன்னாள்: "நல்லா பாத்துக்க. இந்த வாசல்ல நீ கால் வைக்கறது இதான் கடைசி."

டோர்க்கஸ் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"இனிமே எனக்குன்னு இருக்கற வாசல் வழியாவே போறேன், அண்ணி. அண்ணா, வர்றீங்களா?"

எட்மண்ட் மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார். சொந்தச் சமையலறையை அவர் பார்த்ததே அன்றுதான். "அடேயப்பா, இவ்வளவு பெரிய அடுப்பா!" என்றார். பாட் அம்மாள் மாவுக்கையைத் துடைத்துத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே படியில் பனி உறைந்திருந்தது. "வழுக்கும், பாத்து" என்று எட்மண்ட் அவள் முழங்கையைப் பிடித்தார். எதிர்ச் சந்தில், கூடையோடு டிபெட் அம்மாள். டோர்க்கஸ் அவளுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.