கௌமாரியிடம் மூன்று முறை பூக் கேட்டேன்

போன வைகாசியில் என் கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் இருந்தன. ஊரே பாராட்டியது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

கம்பத்தில் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். மானுடவியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். டெல்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகமும், கேரளத்தில் ஒரு சிறிய பல்கலைக்கழகமும் இடம் தந்தன. திங்கட்கிழமை மாலைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும். தவறினால் இரண்டும் போய்விடும்.

நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டேன். நூலகம், விடுதி, பேராசிரியரின் பெயர், புகழ். எல்லாவற்றிலும் டெல்லி முந்தியது. ஆனாலும் ஓர் உறுத்தல். டெல்லிப் பேராசிரியர் நேர்காணலில் ஐந்து நிமிடம்தான் பேசினார். கேரளத்துப் பேராசிரியை ஒரு மணி நேரம் துருவினார். எங்கள் ஊரிலிருந்து கேரள மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் தினக்கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. "நீங்கள் எழுதுவதை அந்தப் பெண்களிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். அவர்மேல் கோபம்தான் வந்தது.

வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். என் அம்மாவும் அந்த ஜீப்பில் போகிறவள்தான். பக்கத்து வீட்டு அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்களுந்தான் தெனம் கேரளாவுக்குப் போறோம்த்தா. ஒனக்கும் ஜீப்புல எடம் போட்டு வைக்கவா?"

அது என்னைத் தைத்துவிட்டது. ஆனால் டெல்லிக்குச் சம்மதம் அனுப்பவும் கை வரவில்லை. தப்பாகத் தேர்ந்தால் ஐந்து வருடம் போய்விடும். வீட்டில் யாரிடம் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கௌமாரியிடம் பூக் கேட்டோம். வெள்ளைப் பூ டெல்லி, சிவப்புப் பூ கேரளா. தனித்தனித் தாளில் மடித்து வைத்தேன். அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

"சரியா மடிக்கலம்மா. இன்னொரு தடவ எடு."

மறுபடியும் சிவப்பு. மூன்றாம் முறை வெள்ளை வந்தது. "இதுதான்" என்றேன்.

அம்மா முறைத்தாள். "ஏன்டி, ஆத்தாளுக்கே பரீச்ச வைக்கிறயா? ஒனக்கு வேணுங்கறது வர்ற வரைக்கும் கேக்கறதுக்கு அவ எதுக்கு? நீயே முடிவு பண்ணிக்கிற வேண்டியதுதான?"

திரும்பும்போது பேருந்தில் என் முதுகலை ஆய்வேடு நினைவுக்கு வந்தது. அது பூக் கேட்பதைப் பற்றியதுதான். விரும்பிய பதில் வரும்வரை மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று, அவர்களுக்கு மேலே நிற்பவளைப் போல எழுதியிருந்தேன். சின்னமனூர் தாண்டும்வரை அழுதேன். "ஆத்தா, எனக்குப் பிடிச்ச பதிலு வேணாம். நான் பாக்க மறுக்குறதக் காட்டு" என்று வேண்டினேன்.

மறுநாள் காலை ஓர் அழைப்பு. அழைத்தவர் அந்த டெல்லிப் பேராசிரியரிடம் ஆய்வு செய்யும், கோயம்புத்தூர்க்கார அக்கா ஒருவர். பேராசிரியரைப் பற்றி விசாரித்து ஒரு மாதம் முன்பு இந்த அக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பதில் வராததால் மறந்தே போயிருந்தேன்.

"இப்பத்தான் மெயில் பாத்தேனுங்க. சார் நல்லவருதான். ஆனா வர்ற வருசம் ரிட்டையர் ஆகறாரு. அப்புறம் எங்கள யாரு எடுத்துக்குவாங்கன்னே தெரியலைங்க. நான் குடுத்த அத்தியாயம் ஒன்னரை வருசமா அவரு மேசையிலதான் கெடக்குது."

நோட்டில் நான் போட்ட கட்டங்களில், நான் எழுதுவதை யார் படிப்பார் என்ற கேள்வியே இல்லை. மதியத்துக்குள் கேரளத்துக்குச் சம்மதம் அனுப்பினேன்.

இப்போது முதல் வருடம். எல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். மலையாளத்தில் தடுமாறுகிறேன். டெல்லி என்ற பெயரைக் கேட்டால் இன்னும் ஏக்கம் வருகிறது. ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் வரிவரியாகப் படிக்க ஒருவர் இருக்கிறார். அது அம்மன் தந்தது.

என்னைப் போலத் தவிப்பவர்களே, முடிவைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்காதீர்கள். பயத்தைச் சொல்லுங்கள். வெட்கத்தையும் சொல்லுங்கள். அவள் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை தட்டிவிட்டேன். அப்படியும் என்னைக் கைவிடவில்லை. உங்களையும் விட மாட்டாள்.